திரையில் தெரிந்த கால்

முதலில் நினைவுக்கு வருவது, பச்சை ரெக்ஸின் போட்ட மேசைமேல் நீட்டிக் கிடந்த என் மாமனாரின் கால். வேட்டியைத் தொடைவரை சுருட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கால் நன்றாக இருந்த நாளில், நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர். காப்பி வேண்டுமென்றால்கூட என்னிடம் கேட்கமாட்டார், காற்றிடம்தான் சொல்வார். அவர் தொடையில் ஜெல் தடவ வேண்டியவள் நான். தருமபுரியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு எண்பதுகளின் கடைசியில் ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. "புள்ளத்தாச்சிங்க படுக்கற மேசையில என்னை எதுக்குடா படுக்க வெக்கற?" என்று மகனைத் திட்டினார். வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பாலக்கோட்டுப் பக்கம் தன் கரும்புத் தோட்டத்தில் வரப்பு வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; தொடைதான் வற்றிக் குச்சியாகிவிட்டது. ஒருமுறை எழுந்து நின்றார், அப்படியே மடிந்து உட்கார்ந்தார். அதன்பின் எழவே இல்லை. மாமியார் போய்ச்சேர்ந்த வீட்டில் தனியாக விட முடியாமல் எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் நிலத்தைக் குத்தகைக்கு விடப் பேசிக்கொண்டிருந்தார். "எழுபதுக்கு மேல இந்தக் கால்ல என்ன இருக்குது? நம்ம வூட்லயே இருக்கட்டும்" என்று பாசத்தோடுதான் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து மாமனார் சோற்றில் பாதியை ஒதுக்கத் தொடங்கினார். எனக்கு அது தாங்கவில்லை. டாக்டரிடம் போய் அழுதேன்.

எங்கள் டாக்டருக்கு எதைப் படித்தாலும் செய்து பார்த்துவிட வேண்டும். வயிற்றைப் பார்க்கிற மெஷினிலேயே தசையையும் பார்க்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். நல்ல தசை கருப்பாகத் தெரியும், கொழுப்பும் நாரும் ஏறிய தசை வெளுத்துத் தெரியும், அடியிலுள்ள எலும்பே மங்கிவிடும் என்றார். "இளைச்சிருக்கறத பாத்து ஏமாறக் கூடாதும்மா. உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணும்."

ஒப்பிட ஓர் இளைய கால் வேண்டுமாம். ஜவுளிக்கடையில் உட்கார்ந்தே நாற்பதைத் தொட்டுவிட்ட என் வீட்டுக்காரரை முதலில் படுக்கவைத்தார். பார்க்க உருண்டு திரண்ட தொடை. திரையில் ஒரே சாம்பல் மூட்டம். எலும்பைத் தேட வேண்டியிருந்தது. மெஷினில்தான் கோளாறு என்று டாக்டர் எதையெதையோ திருகிப் பார்த்தார்.

அடுத்து மாமனார். டாக்டர் கருவியைத் தொடையில் வைத்ததும் நான் திரைக்கு அருகே குனிந்தேன். தசை மெல்லியதுதான், விரல் பருமன் இருந்தால் அதிகம். ஆனால் நனைந்த மண்போலக் கருகருவென்று இருந்தது. நடுவே மெல்லிய வெள்ளை இழைகள், அடியில் பளிச்சென்று எலும்பு. அவர் ஏர் பிடித்து நடந்த நடையெல்லாம் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. கூடவே இருந்த எங்கள் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க காலை நெனச்சாதாங்க எனக்குக் கவலையா இருக்குது. அப்பாவுக்கு ஒண்ணும் கெட்டுப்போவல. எழுந்து எழுந்து உக்காரச் சொல்லுங்க, தேறிடும்."

மாமனார் முகத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நேராக என்னிடமே கேட்டார்.

"ஏம்மா, அது என் காலா?"

"ஆமாங்க மாமா."

"அப்ப நான் ஊருக்குப் போலாமா?"

என் வீட்டுக்காரர் டாக்டரைப் பார்த்தார். "போலாங்க" என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்கே அவர் வயது. முழங்கால் வலிக்குப் போனபோது ஒரு சின்னப்பெண் டாக்டர் என் தொடையைத் திரையில் காட்டினாள். வெள்ளைதான் அதிகம். வீட்டுக்காரருக்கு நான் சளைத்தவளில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

அன்று ஸ்கேன் பார்த்து வந்ததிலிருந்து நாற்காலியைப் பிடித்து எழுவதும் உட்காருவதுமாக மாமனார் விடாப்பிடியாக இருந்தார். கரும்பு வெட்டு தொடங்குமுன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பாலக்கோடு பஸ் வந்து நின்றதும் மகன் தூக்கிவிடப் போனார். "உடுடா, நானே ஏறிக்கறேன்" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டார். கம்பியைப் பிடித்தார். இளைத்த காலைத்தான் முதலில் படியில் வைத்தார். அதை ஊன்றி மேலே எழும்பினார். முண்டியடித்து ஏறிய கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டென்றும் பாராமல் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பெரியவரை வழியனுப்புகிறேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். நான் கும்பிட்டது அந்தக் காலை.