மைனாவுக்கு வெயில் தேடிப் போனது

சாரல் காலத்தில் எங்கள் ஊர்க் காற்றுக்குக் கை முளைத்துவிடும். ஓட்டைத் தூக்கிப் பார்க்கும், கதவை அறைந்து பார்க்கும், கொடியில் கிடக்கிற வேட்டியை உருவிக் குற்றாலத்து ஈரத்தோடு முகத்தில் எறியும். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய ஓர் ஆனி மாதத்தில், அந்தக் காற்று எங்கள் தென்காசி வீட்டு முற்றத்தில் இறங்கி, மைனாக் கூண்டைக் கொக்கியோடு பிடுங்கிக் கல்தரையில் போட்டது.

மலை மைனா. என் மனைவி வளர்த்தது. கண் திறக்காத குஞ்சாக வந்ததை, வாழைப்பழம் பிசைந்து விரல் நுனியில் ஊட்டி ஆளாக்கியவள் அவள். ஓடிப்போய்ப் பார்த்தோம். கூண்டு சப்பளிந்து கிடந்தது. ஒரு கால் முறிந்து தொங்க, மைனா சாய்ந்து கிடந்தது.

அவள் அழவில்லை. "கண்ணு முழிச்சிருக்குல்லா? பிழைக்கும். பிழைக்க வைக்கணும்," என்றாள்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி குற்றாலத்து அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவர். அவர் ஈர்க்குச்சியும் பஞ்சும் வைத்து நூலால் காலைக் கட்டினார். கட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கை சும்மா இருக்கிற கை இல்லை. "விழுந்த அடி உடம்பெல்லாம் இருக்கும்லா," என்று முறிவெண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். நெஞ்சு, முதுகு, இறக்கை எல்லாம் தடவி நீவிவிட்டார். நாங்களும் பிடித்துக் கொடுத்தோம். எண்ணெய் தேய்த்தால் போகாத வலி உண்டு என்று எங்கள் பக்கத்தில் யாருமே நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் மைனா வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இறகு இறகாக இல்லை. திரிதிரியாக ஒட்டி, இடையிடையே தோல் தெரிந்தது. அந்த இடுக்குகளில் சாரல் குளிர் நேராக நுழைந்தது. அலகால் கோதிப் பார்க்கும், எண்ணெய் பிசுபிசுக்கும், விட்டுவிடும். பழத்தைத் தொடவில்லை. அடுப்படியில் வைத்தால் ஈரவிறகின் புகையில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

"இன்னொரு தடவை சூடாத் தேய்ச்சா சரியாயிரும்," என்றார் அண்ணாச்சி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"போதும் அண்ணாச்சி. ஒங்க குரலைக் கேட்டாலே அது நடுங்குது," என்றாள் இவள். பிறகு என்னிடம், "எண்ணெயைக் கழுவியே ஆகணும். கழுவுனா காயணும். இங்கன எங்க காயும்? முந்தாநாத்துச் சேலையே இன்னும் சொதசொதன்னு கெடக்கு."

எனக்கு உட்காரத் தெரியாது. முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். வாசலில் நின்று கிழக்கே பார்த்தபோது, வானத்தின் அடியில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடிற்று. மேகம் எங்களோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பூமி காய்கிறது.

"கெழக்க, பாவூர்ச்சத்திரத்துல வெயில் அடிக்கும்," என்றேன்.

நான் சொல்லி முடிக்கும் முன் அவள் எண்ணெய் எடுக்கப் பயத்தமாவைப் பொட்டலம் கட்டத் தொடங்கியிருந்தாள்.

ரயிலடியில் வெளியூர்க் கூட்டம் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக இறங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுக்கிறவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரே சாரலுக்கு வந்து எறங்குது. நீரு எங்கவே கெளம்பிட்டீரு?"

"வெயிலுக்கு."

"வெயிலுக்கா! கூடையில என்ன?"

"கால் ஒடிஞ்ச மைனா."

"அதுக்கும் டிக்கெட் போடணுமோ?" என்று சிரித்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை. "போடுங்க. போகவர ரெண்டுக்கும் சேத்துப் போடுங்க," என்றாள். அவர் எங்கள் இருவருக்கு மட்டும் கொடுத்தார்.

பாவூர்ச்சத்திரத்தில் இறங்கியதும் வெயில் பிடரியில் கை வைத்தது. ஊருக்கு வெளியே ஒரு தோட்டக் கிணறு. தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன தாயி, மைனாவுக்கு எண்ணெய்க் குளியலா? இன்னைக்கு வெள்ளிக்கெழம, பொம்பளைய எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நாளு. இது பொட்டைதானா, பாத்துக்கிட்டியளா?"

"உசுரோட இருந்தா அப்புறம் பாத்துக்கிடுதேன்," என்றாள் இவள், மாவைக் கரைத்தபடியே.

நான் பிடித்துக்கொண்டேன். கால்கட்டு நனையாமல் அவள் ஒவ்வோர் இறகாக மாவைத் தடவி, வழித்து, தண்ணீர் விட்டாள். மாவு மஞ்சளாக, பிசினாக இறங்கிற்று. மறுபடி மாவு. மறுபடி தண்ணீர். என் உள்ளங்கையில் பறவை என்று சொல்ல ஏதும் மிஞ்சவில்லை. நனைந்த ஒரு துடிப்பு, அவ்வளவுதான். அதுவும் மெலிந்துகொண்டே போயிற்று.

"போதும்ட்டி. கையிலேயே போயிரும்."

"இன்னும் வலது றெக்கை பாக்கி. பாதி எண்ணெயோட கொண்டு போனா மறுபடி அந்தக் குளுருதான். பிடிங்க."

பிடித்தேன். பிறகு சூடேறிய துவைகல்லில் துண்டை விரித்துக் கிடத்தினோம். காற்றுப்படாமல் அவள் முந்தானையை விரித்துப் பிடித்து நின்றாள். களை பறிக்கிற அம்மாள் கேலியை விட்டு எதிர்ப்பக்கம் தன் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். வெயில் வேலை செய்தது. என்னால் நிற்க முடியவில்லை, வரப்பில் போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது செத்திருக்கும் என்று நினைத்தேன். அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

முதலில் கழுத்து அசைந்தது. அலகு நெஞ்சுக்குப் போயிற்று. ஓர் இறகைப் பிடித்து வேர் முதல் நுனி வரை உருவியது, ஒட்டவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. திடீரென்று உடம்பு முழுவதையும் சிலிர்த்து, பஞ்சுருண்டையாகப் புடைத்தது. பழத்தை நீட்டிய என் விரலைச் சேர்த்துக் கொத்தியது. ரத்தம் வந்தது.

"கொத்திட்டு!" என்று கத்தினேன், கலியாணச் செய்தி சொல்கிறவனைப் போல.

அவள் குனிந்து இறக்கையை விரித்துப் பார்த்தாள். அடியில் இன்னும் பிசுக்கு இருந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அந்த அம்மாளிடம் கேட்டாள்:

"நாளைக்கும் தொட்டியில தண்ணி கெடக்குமா?"