பெட்டி மேல் போட்ட ஈரச் சாக்கு

அந்த வேன் சூடு தாங்கும் என்று பொய்க் கையெழுத்துப் போட்டவள் நான்தான்! தெரிந்தே போட்டேன். தெருவில் நின்று டிரைவர் அண்ணாச்சியைத் திட்டினீர்களே... போதும். இனி என்னைத் திட்டுங்கள்.

விருதுநகருக்கு வெளியே, வண்டிகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. அடைத்த அறை, சுற்றிலும் ஹீட்டர். கத்திரி வெயிலெல்லாம் அதற்குமுன் ஒன்றுமே இல்லை. அந்த வேன், சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்ற வந்த பேட்டரி வண்டி. கடைசி சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி, அதில் சூடு காட்டும் மீட்டர். முள் சிவப்பைத் தொட்டால் வண்டி தேறாது.

இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் பட்டாசு அறையில் கிடந்தவள் நான். வெயில் ஏறினால் சூடு தணிய ஈரச் சாக்கு விரிப்போம். யோசிக்க மாட்டோம், கை விரித்துவிடும். அன்றும் கதவைச் சாத்துமுன் பெட்டி மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டேன்... சூடு தாங்குமா என்று பார்க்க வைத்த வண்டிக்கு!

சாயங்காலம் திறந்தபோதுதான் சாக்கைக் கண்டேன். முள் சிவப்பைத் தொடவில்லை, சாக்கின் புண்ணியத்தில். முதலிலிருந்து மறுபடி வைத்திருக்க வேண்டும். வைத்தேனா?

"எக்கா, சீசன் நேரம். ஆளுக காத்துக் கெடக்காக. சட்டுன்னு கையெழுத்தப் போடுங்க," என்றான் வண்டியை எடுக்க வந்த பட்டாசுக் கம்பெனி ஆள். பட்டாசுக்காரி புத்தி போகவில்லை பார் என்று சிரிப்பானே... அந்த வெட்கம்! சாக்கைச் சுருட்டி ஒளித்தேன். கையெழுத்தைப் போட்டேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனைக்குட்டம் ரோட்டில், உச்சி வெயிலில், கடைசி சீட்டுக்கு அடியில் தீ. எல்லாரும் குதித்தார்கள். கடைசியாக இறங்கியவள் என் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி. இரண்டு கையும் வெந்துபோயின. வண்டியை ஓயவிடாமல் ஓட்டினான் என்று டிரைவரை வேலையைவிட்டுத் துரத்தினார்கள். நான் வாய் திறந்தேனா?

அப்படிப் பார்க்காதீர்கள்! உங்கள் தீபாவளிக்குத்தானே அந்த வண்டி ஓடியது? சீ... உங்கள்மேல் பழி போட எனக்கு என்ன யோக்கியதை?

நேற்று முத்துலட்சுமி வந்தாள். "அந்த டிரைவர் நாசமாப் போவான். புது வேன் வந்திருக்காம்லாக்கா? இனி எம் மகதான் வேலைக்குப் போகணும். நீ பாத்த வண்டிதான? ஏத்தி விடட்டுமா?"

இந்த வண்டியை ஒழுங்காகத்தான் சோதித்தேன். "ஏத்திவிடு," என்றேன். பழைய வேனைப் பற்றிச் சொல்லாமல் காப்பி போட எழுந்தேன்.

அவளுக்குத் தம்ளர் பிடிக்க வராது. காப்பியை நான்தான் ஆற்றி ஆற்றி வாயில் ஊற்றினேன்.

"நீ நல்லா இருக்கணும்க்கா," என்றாள்.