எல்லைக்கோட்டுக்கு அப்பால் சில புள்ளிகள்

கடல் கொதிப்பதை உலகமே பார்க்கட்டும் என்றுதான் அந்த வேலையைத் தொடங்கினோம். மண்டபத்தில் ஒரு வாடகை மாடிதான் அலுவலகம். தங்கச்சிமடத்து விசைப்படகுகள் சிலவற்றில், வலைக்கு ஒரு சென்சார், படகுக்கு ஒரு பெட்டி. வலை இறங்கிய இடம், நேரம், தண்ணீரின் சூடு எல்லாம் பதியும். படகு கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் பதிவு தானாகக் கிளவுடில் ஏறிவிடும். எந்த நாட்டு மாணவரும் எடுத்துக்கொள்ளலாம். பேர் கேட்பதில்லை, பாஸ்வேர்டு கிடையாது. அதற்காகக் கூட்டங்களில் சண்டையே போட்டிருக்கிறேன்.

முதலில் பெட்டியை மாட்டிக்கொண்டவர் என் மச்சான், அக்கா வீட்டுக்காரர். கடலுக்குக் காய்ச்சல் பார்க்க வந்துட்டான் என் மாப்ள என்று படகுத்துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

சோதனைக்காக வரைபடத்தைத் திறந்துவிட்ட அன்று மத்தியானம் நின்றபடியே பார்த்தேன். நீலம், மஞ்சள், சிவப்பு. அழகாகத்தான் இருந்தது. கூட வேலை பார்க்கும் பெண், நாட்டின் கடல் எல்லைக்கோட்டை அதன்மேல் போட்டாள். புள்ளிகள் கோட்டோடு நிற்கவில்லை. தாண்டி, இன்னும் தாண்டி, இலங்கைப் பக்கம் போய்த் திரும்பியிருந்தன. ஒவ்வொரு தடமும் தங்கச்சிமடத்துக் கரையில் முடிந்தது. படகு எண்ணும் கூடவே இருந்தது.

கோட்டைத் தாண்டிப் பிடிபட்டால் படகு போகும், ஆள் அந்தப் பக்கத்து ஜெயிலுக்குப் போவார். அதற்கான சாட்சியை நாங்களே வண்ணம் தீட்டி வைத்திருந்தோம். உடனே மூடினோம். அதற்குள் யாரோ முழுவதையும் இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். மாணவரா? வேறு யாராவதா? பேர் கேட்காத கதவிடம் யார் வந்தது என்று எப்படிக் கேட்பது.

சாயங்காலம் மச்சானிடம் சொன்னேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை. அழித்தாயிற்றா என்றார். எங்கள் பக்கம் அழித்தாயிற்று என்றேன். எடுத்தவனிடம்? நான் வலையைப் பார்த்தேன்.

"மீனு அங்கன கெடக்கு மாப்ள. நான் இங்கன நின்னு தண்ணியவா அரிக்க?"

பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மாட்டினார்களாம். கழற்றினால் ஏன் என்று கேட்பார்களாம். அக்கா என் முகம் பார்க்காமல் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப்பின் எல்லாவற்றையும் கலைத்தேன். பெட்டி அனுப்பும் பதிவிலிருந்தே படகு எண் போனது. புள்ளிகள் போய்ப் பெரிய பெரிய கட்டங்கள் வந்தன. எது யார் படகு என்று எவராலும் பிரிக்க முடியாது. மூலப்பதிவை நாமும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். ஆனாலும் ரோந்துக் கப்பல் என்று யாராவது பேச்செடுத்தால், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரதி என் நெஞ்சுக்குள் நண்டு மாதிரி ஊரும்.

போன வாரம் காலையில் அக்கா கூப்பிட்டாள். பாதிப் படகு திரும்பிவிட்டது, இவரைக் காணவில்லை, போனும் போகவில்லை.

"ஒன் மெஷின்ல வந்துருக்கா பாருடா."

திறந்தேன். புதிதாக ஒரு பதிவு ஏறிக்கொண்டிருந்தது.

"யாரோ கரைக்குக் கிட்ட வந்துட்டாங்கக்கா."

"யாரு?"

"தெரியலக்கா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கேன்."

அவள் போனை வைக்கவில்லை. கரையில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சத்தம் வந்தது. நானும் வைக்கவில்லை. கட்டம் மெதுவாக நிறம் மாறிக்கொண்டிருந்தது.