மூன்றாவது வேண்டாம்

சட்டைக் கம்பெனியில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்கிற கண் அவருடையது. காலரைத் தூக்கி ஒரு பார்வை, காஜாவில் ஒரு பார்வை, கையை உள்புறம் திருப்பி ஒரு பார்வை. எங்காவது தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்பிவிடுவார்.

"வீட்டுலயும் இப்படித்தானா அண்ணே? அண்ணி முதுகுல எத்தனை அம்பு ஒட்டியிருக்கீங்க?" என்று தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே, கேட்டவள் தைத்த சட்டையில் இன்னொரு அம்பு ஒட்டுவார்.

ஊரான் சட்டையில் ஒரு நூல் பிசிறைக்கூட விட்டுவைக்காத அந்த மனுஷன், தன் வீட்டில் ஒரு குறையும் சொன்னது கிடையாது. தனக்கென்று எதையும் கேட்டதும் கிடையாது. கேட்பதற்கு அந்த வீட்டில் வழியும் இல்லை. அங்கே செல்லுபடியான ஒரே நாணயம் 'வேண்டாம்' என்ற சொல்தான். அதைச் செலவழிக்க ஒரு முறை இருந்தது.

முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்பவர் எவ்வளவு மனதாரக் கேட்கிறார் என்று எடைபோட. மூன்றாவது தடவையும் கேட்டால்தான், "நீ இவ்வளவு தூரம் சொல்றதால..." என்று இழுத்தபடி, ஏதோ எதிராளிக்கு உபகாரம் செய்கிற மாதிரி வாங்கிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் ஏலம் என்றால் அதிகம் கேட்டவருக்குப் பொருள். இந்த வீட்டு ஏலத்தில், தனக்கு அது தேவையே இல்லை என்று அதிக நேரம் சாதித்தவருக்குப் பொருள்.

அதனால் ஒரு முட்டை பொரித்தால் அது அவர் தட்டிலிருந்து மனைவி தட்டுக்கு, அங்கிருந்து மகன் தட்டுக்கு, மறுபடி அவர் தட்டுக்கு என்று ஊர்வலம் போய்விட்டு, ஆறிப்போன பிறகு யாராவது ஒருவர் வாய்க்குள் தியாகமாகப் போய்ச் சேரும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேஜை ஃபேன். அவர் அதை மனைவி பக்கம் திருப்புவார், மனைவி மகன் பக்கம், மகன் அப்பா பக்கம். கடைசியில் எல்லோரும் விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க, ஃபேன் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தெருவிலேயே அவர்கள் வீட்டுச் சுவர் அளவுக்குக் காற்று வாங்கிய சுவர் வேறு இருந்திருக்காது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மாதக் கடைசியில் மனைவி, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்பாள். கையில் கரண்டி இருக்கும், அது சட்டிக்குள் போகாது. சட்டியில் ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அவர், "வேண்டாம், வயிறு திம்முனு இருக்கு" என்பார். காலிப் பாத்திரத்திலிருந்து காலிப் பாத்திரத்துக்குப் பரிமாறல் முடிந்துவிடும். மானம் இரண்டு பக்கமும் மிச்சம். அப்படிப்பட்ட காலிக் கேள்வியை எப்போதும் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். ஒரு தடவையோடு நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை, மூன்று தடவை வந்தால் உண்மையிலேயே இருக்கிறது. இந்தக் கணக்கை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிழையில்லாமல் நடந்து வந்தது.

மருமகள் வரும் வரைக்கும்.

அவள் பஸ் கண்டக்டர் வீட்டுப் பெண். கூடப் பிறந்தவர்கள் ஒரு வண்டி. வாயைத் திறக்க ஒரு நொடி தாமதித்தால் தட்டு காலியாகிவிடுகிற வீடு. முதல் நாள் சாப்பாட்டில் மாமியார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டுமாம்மா?" என்றாள்.

"போடுங்க அத்தை."

கரண்டி அந்தரத்தில் நின்றது. மாமியார் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தட்டைப் பார்த்தார். அந்த வீட்டில் அந்தப் பதிலை யாரும் முதல் கேள்விக்குச் சொல்லிக் கேட்டதில்லை.

பெண் கெட்டவள் இல்லை. தனக்குப் போடச் சொன்னது போலவே மற்றவர்களுக்கும் போட ஆசைப்பட்டாள்.

"மாமா, முட்டை?"

"வேண்டாம்மா."

"சரி மாமா." முட்டை போய்விட்டது. சூடாக, அவள் தட்டுக்கு.

அவர் அன்று கை கழுவும்போது மனைவியிடம் மெதுவாகச் சொன்னார், "நல்ல பொண்ணுதான். காதுதான் கொஞ்சம் ஜாஸ்தி நல்லா கேக்குது."

வந்த வாரமே அவள் ஃபேனின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இதுல சுத்துற பொத்தான் இருக்கே, யாரும் பாக்கலையா?" என்று அதை அழுத்தினாள். ஃபேன் தலையை ஆட்டி எல்லோருக்கும் காற்று கொடுக்க ஆரம்பித்தது. இத்தனை வருஷத் தியாகம் ஒரு பொத்தானில் முடிந்துபோனதில் மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மகனுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. அவன் செல்போன் கடையில் விற்பனையாளன். நாள் முழுக்க 'வேண்டாம்' என்கிறவர்களைத் துரத்தித் துரத்தி விற்றுவிட்டு வருகிறவனுக்கு, வீட்டிலாவது ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் இருந்தால் தேவலை என்றிருந்தது. அவரோ பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார்.

வலது கண் அப்போதுதான் தகராறு செய்தது. சட்டையை விரித்தால் வலது கை இருக்க வேண்டிய இடத்தில் மூட்டமாக இருந்தது. கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வீட்டில் ஒருநாள் தண்ணீர் டம்ளரை மேஜைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் வைத்தார். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

"ரத்தத்துல பிரஷர் மாதிரி கண்ணுலயும் பிரஷர் இருக்கு பெரியவரே," என்றார் கண் டாக்டர். "போன பார்வை போனதுதான், திரும்ப வராது. இருக்கிறதைப் பிடிச்சு நிறுத்தலாம். சொட்டு மருந்து மட்டும் போதாது, வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போடாதீங்க."

"பாத்துக்கலாம் சார்," என்றார் அவர். அதுவும் ஒருவகை வேண்டாம்தான்.

பணமே வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சீக்கிரமே வந்தது என்பதுதான் விசேஷம். மகனுக்கு வருஷ விற்பனைக் கமிஷன் மொத்தமாக வந்தது. விடுமுறை நாள் மத்தியானம், நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவன் பேச்சை எடுத்தான்.

"அப்பா, கமிஷன் வந்துடுச்சு. கண் ஆபரேஷன் பண்ணிடலாமா?"

அவர் காத்திருந்த கேள்விதான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "இப்ப எதுக்குடா. வேண்டாம்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமாடா. அதான் இன்னொரு கண்ணு இருக்கே. இருக்கிற ஒரு சம்சாரத்தைப் பாக்க ஒரு கண்ணு போதாதா?"

மனைவி சிரித்தாள். அவர் வாயில் இருந்ததை விழுங்கித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். 'சரிடா, நீ இவ்வளவு தூரம் சொல்றதால...' நாக்கின் நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி.

மகன் வாயைத் திறந்தான்.

"விடுங்களேன்," என்றாள் மருமகள், அவர் மேல் உண்மையான அக்கறையோடு. "மாமாதான் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்றாங்கல்ல. பெரியவங்களை எதுக்குக் கட்டாயப்படுத்துறீங்க?"

மகன் வாயை மூடிக்கொண்டான். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன், மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு என்பது அவனுக்கு மறந்துபோனதா, மறப்பது வசதியாக இருந்ததா என்று அவனே தன்னை விசாரித்துக்கொள்ளவில்லை. தன் மனைவி பக்கம் திரும்பி, "அப்ப உனக்கு என்ன வேணும்?" என்றான்.

"வாஷிங் மிஷின்."

அவ்வளவுதான். அந்த வீட்டுச் சரித்திரத்திலேயே வேகமாக முடிந்த பேச்சுவார்த்தை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள். "வாயைத் திறந்து வேணும்னு சொன்னா என்ன, முத்தா கொட்டிடும்?"

"கேட்டா சொல்ல மாட்டேனா?"

"கேட்டானே."

"எங்க கேட்டான்?" என்றார். பிறகு, "நீயாவது சொல்லியிருக்கலாம்ல, அவரு அப்படித்தான் சொல்லுவாரு, நீ கேளுடான்னு."

"வந்த பொண்ணு முன்னாடி உங்களுக்காக நான் பிச்சை கேக்கணுமா?" என்றாள் அவள். அவள் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

வாஷிங் மிஷின் வந்தது. முன்பக்கம் வட்டமாகப் பெரிய கண்ணாடிக் கதவு. ஒரு கண்ணுக்குப் போக வேண்டிய பணம் ஒரு கண்ணாகவே வீட்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. அதைத் திட்டவும் அவருக்கு வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து துணி துவைத்துத் துவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த மனைவி, இப்போது மத்தியானத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் புடவை தானாகப் புரண்டு புரண்டு வெளுப்பதைச் சினிமா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்க முடிந்தவரை பார்த்துக்கொண்டார்.

கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருநாள் வந்து, "லைட்டு பத்தலையா அண்ணே? இன்னொரு டியூப் போடச் சொல்லட்டுமா?" என்றான்.

"வேண்டாம் சார்."

கம்பெனிக்காரர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள்.

மிஷின் பெண்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. கேலி பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவரிடம் சட்டையை அனுப்புவதற்கு முன்னால் தாங்களே ஒரு தடவை பார்த்து, பிசிறை வெட்டி, சுத்தமாக அனுப்பினார்கள். அவர் கையில் அம்பு ஸ்டிக்கர் கட்டு குறையாமலே இருந்தது. எல்லோரும் திடீரென்று இவ்வளவு ஒழுங்காகத் தைக்க ஆரம்பித்துவிட்டார்களே என்று முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு புரிந்தது.

அவர்கள் எவ்வளவுதான் பார்ப்பார்கள். வெளிநாட்டுக்குப் போன ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. பிரித்தால் பாதிச் சட்டைகளில் வலது கைப்பட்டி தைக்காமல் தொங்கியது. அவரைச் சட்டை மடிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து பெட்டிக்கு டேப் ஒட்டும் இடத்துக்கு. பிறகு, "வீட்டுல ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார்கள். ரெஸ்ட் வேணுமா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் வேண்டாம் என்று சொல்லவும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மகன்தான் அந்த முறை டாக்டரிடம் கூட்டிப்போனான். வலது கண்ணைப் பற்றி இனிப் பேச ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இடது கண்ணிலும் அதே பிரஷர் ஏறத் தொடங்கியிருக்கிறது, இதற்காவது ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது மகன் அவர் கையைப் பிடித்திருந்தான்.

"ஏம்ப்பா அன்னிக்கே வேணும்னு சொல்லல?"

"நீ கேக்கலையேடா."

"ரெண்டு தடவை கேட்டேம்ப்பா."

"ரெண்டு தடவைதானே கேட்டே."

மகன் படியிலேயே நின்றுவிட்டான். அவர் அடுத்த படியைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்து மருமகள் அடுப்படியில் போய் அழுதாள். "எனக்குத் தெரியாது மாமா. எங்க வீட்டுல ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

"உன் மேல தப்பில்லம்மா. உங்க வீட்டுப் பாஷைதான் சரி. எங்களுதுதான் ஊர் உலகத்துல யாருக்கும் புரியாத பாஷை."

அதை அவர் பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த வயதில் புதுப் பாஷை கற்றுக்கொள்வது என்று தீர்மானமே செய்துவிட்டார். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வாஷிங் மிஷின் முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பழகினார். பாழாய்ப்போன அந்த இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. 'வே' வரைக்கும் ஒழுங்காக வரும், அதற்குமேல் நாக்கு பழகிய சந்துக்குள் திரும்பிவிடும். திரும்பத் திரும்ப இழுத்து வந்து நேர்ப்பாதையில் விட்டார். ஒருநாள் 'வேணும்' முழுசாக வந்தது. தன் குரலையே யாரோ மாதிரி கேட்டுக்கொண்டார்.

இதற்கிடையில் செல்போன் கடைக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. வீட்டிலிருந்தபடியே போனில் போன் வாங்குகிறார்களாம். கமிஷன் என்ற பேச்சே இல்லை. சம்பளமும் பாதி. மகன் அதை மனைவியிடமும் முழுசாகச் சொல்லவில்லை.

மறுபடி ஒரு விடுமுறை நாள், மறுபடி நாலு தட்டு. இப்போது அவருக்கு இடது கண்ணிலும் மூட்டம். ஃபேனின் சுத்துகிற பொத்தான் எப்போதோ உடைந்துபோய், அது பழையபடி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன், கையில் கரண்டியோடு இருக்கிற அம்மா கேட்பதுபோல, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"இடது கண்ணுக்காவது ஆபரேஷன் பண்ணிடலாமாப்பா?"

"பண்ணிடலாம்டா," என்றார் அவர். "எனக்கு வேணும்."

பிழையில்லாமல் வந்தது. முதல் கேள்விக்கே.

"அப்பாடா," என்றாள் மருமகள். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இப்பவாவது வாயைத் திறந்தீங்களே மாமா." புருஷனிடம் திரும்பி, "நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. என்னிக்கு வரச் சொல்றாங்கன்னு கேளுங்க," என்றாள்.

மகன் பதில் சொல்லவில்லை. அவன் விரல்கள் தட்டில் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் மனைவி எழுந்து உள்ளே போனாள்.

மகனின் முகம் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நிசப்தம் அவருக்கு நன்றாகத் தெரிந்த நிசப்தம். சட்டிக்குள் போகாத கரண்டியின் நிசப்தம். பையன் பழைய பாஷையில் கேட்டிருக்கிறான், அவர் புதுப் பாஷையில் பதில் சொல்லிவிட்டார். கேள்விக்குள் ஒன்றும் இல்லை. அப்பா எப்படியும் வேண்டாம் என்பார் என்ற தைரியத்தில் கேட்டது அது.

"ஏங்க, கேக்கறேன்ல. எப்பப் போறீங்க?" என்றாள் மருமகள்.

"அட, நான் விளையாட்டுக்குச் சொன்னேம்மா," என்றார் அவர். "இந்த வயசுல கண்ணை வெச்சுக்கிட்டு எந்தச் சட்டையைப் பாக்கப் போறேன். வேண்டாம்டா."

மருமகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த முறை அவளுக்கும் புரிந்துவிட்டது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மகன் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

யாரோ ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்கள். அவர் கையை நீட்டித் துழாவி, அதன் கழுத்தைப் பிடித்து, மகன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்த பக்கம் திருப்பி வைத்தார். சுவருக்கு நல்ல காற்று.