கூப்பிடாமலே வந்தவர்

சென்ற வியாழக்கிழமை காலையில் நர்சம்மாவின் தங்கை மகன் அந்தோணி என் வாசலில் வந்து நின்று, "டாக்டரு, பெரியம்மா வூட்டாண்ட வாங்கோ" என்றார். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவசரமாகச் செருப்பை மாட்டினேன். அந்த மனிதர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இன்னாத்துக்கு டாக்டரு? வெச்சுட்டு வாங்கோ" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

கொருக்குப்பேட்டை தர்ம ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் பிரசவம் பார்த்த நர்ஸ் சவரியம்மாள் அவர்களைத்தான் சொல்கிறேன். கூட்ஸ் யார்டு ஓரத்துக் குடிசைகளில் ஓடி விளையாடும் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அங்கே அவரை அறியாதவர் இல்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ராயபுரத்தில் சொந்தமாக வைத்தியம் பார்ப்பவன். பதினாறு வருஷத்துக்கு முன் போர்டு மாட்டியபோது எனக்கிருந்த திமிர் இருக்கிறதே, அப்பப்பா! நாற்காலிகள், பச்சைத் திரை, ஒவ்வொருவருக்கும் நிதானமாகக் கால் மணி நேரம். தர்ம ஆஸ்பத்திரியிலோ, மருந்து வாங்க வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த புட்டிகளோடு சனம் வெயிலில் நிற்கும். அங்கிருந்த டாக்டர் பாவம், தலை நிமிர்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். "இங்கே வைத்தியம், அங்கே கலர் தண்ணீர்" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த நாட்களில்தான் என் நோயாளி ஒருவரின் வீட்டிலிருந்து நர்சம்மா வெளியே வருவதைக் கண்டேன். உடம்பெல்லாம் எரிந்தது. "என் நோயாளி வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?" என்று நடுத்தெருவில் கேட்டுவிட்டேன்.

"கொயந்த அயுதுச்சு, போய்ப் பாத்தேன். உன் நோயாளின்னு அது மூஞ்சில எயுதியா கீது?" என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று தொடங்கிய 'நீ'யை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்கில் வேலை செய்த ஏழுமலை என்பவரின் மனைவி கன்னியம்மாளுக்கு அந்த வருஷம் தலைப்பிரசவம். இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. "தர்ம ஆஸ்பத்திரி வாணாம், காசு குட்த்தே பாக்கலாம்" என்று ஏழுமலை என்னை அழைத்துப் போனார். ஆயுதம் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தெருவே என்னைக் கும்பிட்டது. நானும் தரையில் கால் பாவாமல் வீடு திரும்பினேன்.

நான்காம் நாள், என் வாசல் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது நர்சம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "டாக்டரே, கன்னியம்மாவுக்கு ஜுரம் கொளுத்துது. வா."

"அவர்கள் கூப்பிட்டார்களா?" என்றேன்.

இன்று எழுதவே கூசுகிறது. ஆனால் கேட்டேன். கூப்பிடாத வீட்டுக்குப் போனால் இன்னொரு தடவை பணத்துக்கு வந்துவிட்டான் என்பார்களே என்று எங்கள் தொழிலில் ஒரு கௌரவம் உண்டு. ஏழுமலையோ, காசு வாங்கிய டாக்டராயிற்றே, வரவேண்டியிருந்தால் தாமே வருவார் என்று இருந்திருக்கிறார். அவர் எனக்காகக் காத்திருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன். நடுவில் அந்தப் பெண் அனலாய்க் கிடந்தாள்.

"நான் கூப்டறேன். பத்தாதா? எய்ந்திரு" என்றார் நர்சம்மா.

போய்ப் பார்த்தால், நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கியிருந்தது. நான் சரியாகப் பார்க்காமல் விட்டது. வேறு யார்மேலும் பழி போட வழியில்லை. அதை எடுத்தேன். பக்கத்தில் வெந்நீரோடு நின்ற நர்சம்மா, "பதறாதே, பதறாதே" என்று எனக்குத்தான் தைரியம் சொன்னார். பதினொரு நாள், காலையும் மாலையும் அந்த வீட்டுக்கு நடந்தார். நானும் போனேன். பன்னிரண்டாம் நாள் கன்னியம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அவளைப் புதைத்திருப்பார்கள். என் போர்டையும் நான் கழற்றியிருப்பேன். என் தவறை நர்சம்மா எவரிடமும் மூச்சு விடவில்லை. அந்த நன்றிக்காக இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில் ஒருமுறை, ரயில்வே கேட் திறக்கக் காத்திருக்கையில் அவர் சொன்னார்: "எங்க ஆஸ்பத்திரில கூட்டம் டாக்டரே. ஒர்த்தர் மூஞ்சிய நல்லா பாக்க முடியல. நீ நல்லா பாக்கறே. ஆனா ஒரு தபாதான் பாக்கறே."

வைத்தியசாலைகளை ஒப்பிட்டு எத்தனையோ பெரிய மனிதர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக ஒருவரும் பேசியதில்லை.

"கூப்பிடாமல் எப்படிப் போவது?" என்று கேட்டேன்.

"கொடைய மறந்தாப்ல வெச்சுட்டு வா. மறுநாளு எடுக்கப் போ" என்றார்.

அப்படியே செய்தேன். ராயபுரமே என்னை மறதிக்காரன் என்றது. "மூளையையும் எங்கேயாவது வைத்துவிட்டு வரப் போகிறீர்கள்" என்று என் மனைவி திட்டினாள். எத்தனை ஜுரங்களை மறுநாளே கண்டுபிடித்தேன் என்பது எனக்கும் நர்சம்மாவுக்கும் தெரியும். போகப்போகக் குடையும் தேவைப்படவில்லை. இந்த டாக்டர் கூப்பிடாமலும் வருவார், வந்தால் காசு கேட்கமாட்டார் என்று சனங்களுக்குப் பழகிவிட்டது. நிதானமாகப் பார்க்கவேண்டிய நோயாளிகளை அவரும் என்னிடம் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

இனி சொல்லப்போவது கஷ்டமானது. நர்சம்மாவுக்கு ஜுரம், வேலைக்கு வரவில்லை என்று திங்கட்கிழமையே என் காதில் விழுந்தது. நர்சுதானே, தேவையானால் ஆள் அனுப்புவார் என்று இருந்துவிட்டேன். செவ்வாயும் அப்படியே போயிற்று, புதனும் போயிற்று. ஊருக்கெல்லாம் கூப்பிடாமல் போனவன் அவருக்கு மட்டும் கோட்டை விட்டேன். நான் போயிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று அந்தோணி சமாதானம் சொல்கிறார். சொல்லட்டும்.

வியாழக்கிழமை மாலை அவரை அடக்கம் செய்தபோது காசிமேட்டுக் கல்லறையில் கூட்டம் தாங்கவில்லை. கைக்குழந்தைகளோடு பெண்கள் வந்திருந்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். நான் மனிதனானது உங்களால்தான், மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள் நர்சம்மா என்று வாய்விட்டே சொன்னேன்.

வெளியே வரும்போது ஆஸ்பத்திரி ஆயா பேச்சுவாக்கில் சொன்னார்: கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை நர்சம்மா பிரசவம் பார்த்தாராம். அதுதான் அவர் பார்த்த கடைசிப் பிரசவம். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லையாம். நான் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே அங்கே நடந்தேன். அந்தப் பெண்ணின் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க ஆள் அனுப்பலியே டாக்டரு. யாரு கூப்ட்டது?"

"நர்சம்மா" என்றேன்.