பக்கத்து வீட்டில் நிற்கும் என் கார்

கிள்ளானுக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கத்திவிட்டேன். கால்கள் அசைந்தன. ஒரு மனிதர் முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்து, "என்னா பாஸ், என்ன ஆச்சு?" என்றார். அவர்தான் பக்கத்து வீட்டு மணியம். என் வயதுதான். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். இந்த ஊரில் வீட்டு முன்னால் கூரை போட்டு கார் போர்ச் என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். லீவு நாளில் ஆம்பளைகள் அதில், காருக்கு அடியில்தான் குடியிருக்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திருச்சியில் எங்கள் அப்பாவும் கார் வைத்திருந்தார். பானெட்டைத் திறந்தால் நாலடி தள்ளிப் போய் கையைக் கட்டிக்கொண்டு நின்று மெக்கானிக்கை அதட்டுவார். கார் வைத்திருப்பவர் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். நானும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் நாலு வருஷம் படித்து முதல் வகுப்பில் தேறினேன். ஸ்பானரைத் தொட்டது லேப் பரீட்சையில் மட்டும். அதுவும் லேப் உதவியாளர் முக்கால்வாசி கழற்றிக் கொடுத்த பிறகு. கையில் அழுக்குப் படக்கூடாது என்றுதானே நம் வீட்டில் படிக்கவே வைக்கிறார்கள்? இப்போது கோலாலம்பூரில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பு வீண்போகவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு எந்தச் சனியன் பிடித்ததோ, மணியம் வீட்டில் மூணு ஞாயிறு வேடிக்கை பார்த்ததில் ஆசை வந்து, முப்பது வருஷப் பழைய கார் ஒன்றை வாங்கி என் போர்ச்சில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் ஓட்டிவந்து அல்ல, கயிறு கட்டி இழுத்துவந்து. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. இரண்டு பேரும் மல்லாக்கப் படுத்துக்கொண்டு துருவைத் தின்றோம். ஆறாவது முறையாகக் கார்புரேட்டரைக் கழற்றிய அன்று மணியம் என்னை "மச்சான்" என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அது. எந்த விண்ணப்பப் படிவமும் நிரப்பாமல், எந்த கவுன்ட்டரிலும் நிற்காமல் கிடைத்தது.

இதற்கிடையில் ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். விஜி. வீடியோவில் ஐந்தாறு தடவை பேசினோம். பொய் சொல்வானேன், எனக்குப் பைத்தியமாகவே பிடித்துப்போயிற்று. அவள் அப்பாவுக்குத்தான் மலேசியா மாப்பிள்ளை என்றாலே பயம். ஆபீஸ் வேலை என்று கூட்டிவந்து மூட்டை தூக்கவிட்ட கதை நம் பக்கம் ஊருக்கு நாலு இருக்கிறதே! ஆகவே வழக்கப்படி, மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் விசாரித்துவர ஆள் அனுப்பினார். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா என்ற கடைத்தெருவில், துணிக்கடையில் வேலை பார்க்கும் விஜியின் தாய்மாமனை.

என் கார் முதல்முதலாக ஸ்டார்ட் ஆன ஞாயிறாகப் பார்த்தா அவர் வர வேண்டும்! இஞ்சின் உறுமியதும் நானும் மணியமும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தோம். இடுப்பில் கைலி, முழங்கை வரை கிரீஸ். கேட்டுக்கு வெளியே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்று, "இங்க கார்த்திக்னு ஒருத்தரு, ஆபீஸ்ல வேலை பார்க்கிறவராம், எந்த வீடுங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மணியம் என் முதுகில் தட்டி, "இவந்தான் லா! நல்ல கை அண்ணே. இஞ்சினைப் பிரிச்சு மாட்டிட்டான். ஒர்க்‌ஷாப்காரன் இவன்கிட்ட தோத்துடுவான்!" என்றார்.

மணியம் ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய பட்டமே அதுதான். ஆனால் வந்தவர் முகத்தில் என் கல்யாணம் நின்றுபோவதை நான் கண்ணால் பார்த்தேன். "ஒர்க்‌ஷாப்பா? நான் விஜிக்குத் தாய்மாமன். எங்ககிட்ட கம்ப்யூட்டர் வேலைன்னுல்ல சொன்னாங்க?" என்றார்.

"ஐயோ, இல்லைங்க மாமா! இது இவரோட கார். இடமில்லைன்னு இங்க நிறுத்தியிருக்காரு. நான் சும்மா டார்ச் பிடிச்சேன்." யாரும் கேட்காமலே கடகடவென்று வந்தது.

மணியம் என்னைப் பார்த்தார். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். "ஆமா அண்ணே. என் காருதான்," என்றார்.

மாமா உள்ளே வந்து காப்பி குடித்து, ஆபீஸ் அட்டையையும் சம்பளச் சீட்டையும் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். மாப்பிள்ளை தங்கம், அந்த லோரிக்காரனோடு சேர்க்கைதான் சரியில்லை என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாராம். நான் வெளியே வந்தபோது மணியம் என் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். "என் காருன்னா என் வூட்டுலதானே நிக்கணும், பாஸ்," என்று சொல்லி ஓட்டிக்கொண்டுபோய்த் தன் போர்ச்சில் நிறுத்தினார். ஒரு வருஷ உழைப்புக்கு அப்புறம் அந்தக் கார் முதல்முதலாக ஓடிய தூரம் முப்பதடி. அந்த "பாஸ்" என்னைச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா, பாஸ்," என்றார்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். எனக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. விஜி வந்து நாலு மாசமாகிறது. தினமும் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "என்ன அழகான காருங்க! கேட்டா ஒரு ரவுண்டு தர மாட்டாரா?" என்பாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நானும் தினமும் நினைப்பேன். அவள் அப்பா ஞாபகம் வரும், ஆபீஸுக்கு நேரமாகிவிடும். போன ஞாயிறு வேறு வழியில்லாமல் போய், என் காரை எனக்கு இரவல் கேட்டேன். மணியம் சாவியைக் கொடுத்தார், டயரில் காற்றைச் சோதித்தார், விஜிக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"இவ்வளவு நல்ல மனுஷனையா எங்க மாமா சேர்க்கை சரியில்லைன்னாரு?" என்றாள் விஜி. செகண்ட் கியர் அடம்பிடித்தது. எங்கே அழுத்தினால் அது விழும் என்று என் கைக்குத் தெரியும். விழுந்தது. "அட, அவரு காரு உங்க பேச்சைக் கேக்குதே!" என்று சிரித்தாள். காரின் பதிவு அட்டை நகல் அவள் முழங்காலுக்கு நேரே இருந்த பெட்டிக்குள் கிடந்தது. அதில் இருப்பது என் பேர்.

ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் தெருவுக்குத் திரும்பினோம். எங்கள் கேட்டும் திறந்திருந்தது, மணியம் வீட்டுக் கேட்டும் திறந்திருந்தது. "அவரு வீட்டுலயே பத்திரமா விட்டுடுங்க, பாவம், காத்துக்கிட்டிருப்பாரு," என்றாள் விஜி. நான் அவர் வீட்டுப் பக்கம் சிக்னலைப் போட்டேன்.