லைன் எப்போது வரும்?

இன்டர்நெட் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறவர்களுக்குத் தெரியும்: கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்வோம். டெல்லி ஜனக்புரியில் எங்கள் சின்ன ஆபீசில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ் வீட்டுப் புகாரெல்லாம் என் தலையில். இதே வேலையில் இருப்பவர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

பத்து நிமிஷம்

ஒருநாள் கேபிள் அறுந்து ஒரு பிளாக் முழுக்க லைன் போய்விட்டது. ஒரு அம்மா கூப்பிட்டார். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகன் சாப்பாட்டைக்கூடக் கதவிடுக்கில் வாங்கிக்கொள்வானாம். “ஆள் வந்தாச்சு, இப்போ சரியாயிடும்” என்றேன். அவர் குரல் தாழ்ந்தது.

“அவசரமில்லைம்மா. பத்து நிமிஷம் கழிச்சே சரி பண்ணச் சொல்லுங்க. அவன் ஹால்ல வந்து உட்கார்ந்திருக்கான்.”

பொய்ப் பழுது

நித்யாவின் அப்பா மத்திய அரசு அதிகாரி. மகளுக்குப் பத்தாவது போர்டு பரீட்சை. லைனை நிறுத்திவிட்டு, அவள் கேட்டால் பழுது என்று சொல்லச் சொன்னார். ஸ்மார்ட்போனையும் பிடுங்கி, ஒரு பழைய பட்டன் போனைக் கொடுத்திருந்தார். நானும் சரியென்றேன்.

பெற்றோர் ஆபீஸ் போனதும், பரீட்சை லீவில் வீட்டிலிருக்கும் நித்யா கூப்பிடுவாள். “ஆன்ட்டி, லைன் எப்போ வரும்?” ரோடு தோண்டுகிறார்கள் என்பேன். “அச்சா, சரி” என்பாள். வைக்கமாட்டாள். சாப்பிட்டாயா என்றால், பசிக்கவில்லை என்பாள். ஐந்தாம் நாள் சொன்னாள்:

“பழுதில்லைன்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. நீங்க போனை எடுக்கிறீங்களே, அதுக்காகத்தான் கூப்பிடறேன்.”

அப்பாவுக்கு ஒரு போன்

அவள் சாப்பிடாததையும், தினமும் என்னைக் கூப்பிடுவதையும் அவள் அப்பாவிடம் சொன்னேன். டாக்டரிடம் காட்டுங்கள் சார் என்றேன். அவர் சொன்னார்:

“லைனை நிறுத்தத்தானே சொன்னேன்? என் பொண்ணோட பேசச் சொல்லலையே.”

மோடம்

மூன்று வாரம் கழித்து நித்யாவின் அம்மா மோடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மனநல டாக்டரிடம் போகிறார்களாம். இந்த வருஷம் அவள் பரீட்சை எழுதப்போவதில்லையாம். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாக யாரும் அவளோடு பேசியதே இல்லையாம். அது இப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை வைக்காமல் நின்றார்.

“போனாலதான் இப்படி ஆயிட்டாள்னு நினைச்சோம்மா. இப்படி ஆனதாலதான் அவ போனை விடலையாம்.”

லைன் எங்கே அறுந்திருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்ல எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், கம்பிக்கு மட்டும்.